பாதியைக் கழிப்பதா, முழுக் கணக்கு எழுதுவதா? சுயதொழில் ஒப்பந்ததாரரின் வருமான வரித் தேர்வு

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒப்பந்த அடிப்படையில் தனித்துத் தொழில் செய்பவர்களுக்கு வருமான வரி ரிட்டர்ன் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. அண்மையில் ஒரே வாரத்தில் இருவர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் லாஸ்பேட்டையில் வீட்டு மாடியறையிலிருந்து மென்பொருள் எழுதித் தருபவர். மற்றவர் மஞ்சக்குப்பத்தில் அலுவலகம் வைத்து நில அளவையும் கட்டட வடிவமைப்பும் செய்து தரும் பெண் பொறியாளர். “சார், வரவுல பாதியைச் செலவுன்னு கழிச்சுடலாமாமே, எனக்கு அது சரியா வருமா?” என்பதுதான் கேள்வி. முன்னவருக்கு ஆம் என்றும் பின்னவருக்கு வேண்டாம் என்றும் சொன்னேன். ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகச் சொல்ல வேண்டி வந்த காரணத்தை, தொகைகளைச் சற்று முழுமைப்படுத்தி இங்கே விளக்குகிறேன். தம் தொழிலுக்கு எது பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது பயன்படும்.

கணக்குகள் அனைத்தும் 2025-26 நிதியாண்டுக்கானவை. அந்த ஆண்டின் வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமே பொருந்தும் என்பதால் அதன் பிரிவு எண்களையே தருகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்துவிட்டது. அதில் எண்கள் மாறியிருக்கின்றன, இங்கே பேசப்படும் உத்தேச முறைகள் ஒரே பிரிவாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன.

முதல் வழி 44ஏடிஏ பிரிவின் உத்தேச வருமான முறை. மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம், திரைப்படக் கலைஞர், கம்பெனி செக்ரட்டரி எனச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கும் தொழில்களைச் செய்கிற, இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படும் தனிநபர், தம் மொத்த வரவில் 50 சதவீதத்தை வருமானமாகக் காட்டினால் போதும். மீதிப் பாதி செலவாகவே கொள்ளப்படும், ஒரு பில்லும் காட்ட வேண்டியதில்லை. ஆண்டு வரவு ரூ. 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கியது மொத்த வரவில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் இந்த எல்லை ரூ. 75 லட்சம் வரை நீளும். இரண்டாவது வழி, கணக்குப் புத்தகம் எழுதி, தொழிலுக்காக உண்மையில் செய்த செலவுகளை ஒவ்வொன்றாகக் கழித்து, எஞ்சியதை வருமானமாகக் காட்டுவது.

லாஸ்பேட்டைக்காரரின் ஆண்டு வரவு ரூ. 18 லட்சம். அதில் ரூ. 12 லட்சம் சென்னை நிறுவனங்களிடமிருந்து, 194ஜே பிரிவின்படி 10 சதவீத டி.டி.எஸ். (பணம் தருபவரே முன்னதாகப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்கப்பட்டு வந்தது, எஞ்சிய ரூ. 6 லட்சம் பிரான்சிலுள்ள ஒரு வாடிக்கையாளரிடமிருந்து பிடித்தம் இல்லாமல் வங்கி வழியாக வந்தது. மடிக்கணினியின் தேய்மானம், இணையக் கட்டணம், மென்பொருள் சந்தாக்கள், மாடியறைக்கான மின்கட்டணப் பங்கு, பகுதிநேர உதவியாளருக்கு மாதம் ரூ. 15,000 என எல்லாவற்றையும் கூட்டினாலும் அவருடைய உண்மைச் செலவு ரூ. 4 லட்சத்தைத் தாண்டவில்லை. கணக்கு எழுதினால் வருமானம் ரூ. 14 லட்சம், புதிய வரி முறையில் வரி ரூ. 90,000, அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் வரி (செஸ்) ரூ. 3,600, ஆக ரூ. 93,600. உத்தேச முறையில் வருமானம் ரூ. 9 லட்சம். புதிய முறையில் ரூ. 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடி கிடைப்பதால் அவர் கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை, பிடிக்கப்பட்ட ரூ. 1,20,000 டி.டி.எஸ். முழுவதும் அவருக்குத் திரும்ப வரும்.

இவருடைய கணக்கிலிருந்து பலர் கவனிக்கத் தவறுகிற ஒரு கோடு தெரிகிறது. வரவு ரூ. 24 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதி ரூ. 12 லட்சத்துக்குள் அடங்கிவிடும்; வேறு வருமானம் இல்லாவிட்டால் வரி இல்லை. ஆகவே அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் தம் செலவு அறுபது சதவீதமே ஆனாலும் வரிக்காகக் கணக்குப் புத்தகம் எழுதுவதால் அந்த ஆண்டில் ஒரு ரூபாயும் மிச்சப்படாது. கோட்டைச் சிறிதளவு தாண்டியவரும் பதற வேண்டியதில்லை. ரூ. 24.5 லட்சம் வரவுள்ளவருக்கு உத்தேச வருமானம் ரூ. 12.25 லட்சம், வரம்பைத் தாண்டிய தொகையை வரி மிஞ்சாதபடி காக்கும் விளிம்பு நிவாரணத்தின்படி, 12 லட்சத்துக்கு மேற்பட்ட ரூ. 25,000-மும் அதன்மேல் ரூ. 1,000 கூடுதல் வரியும் அவர் கட்டினால் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: பங்குகளை விற்ற லாபம் போலத் தனி வீதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது.

உண்மைச் செலவு நான்கு லட்சமாக இருக்க, ஒன்பது லட்சத்தைச் செலவாகக் கொள்வது நேர்மையா என்று அவரே கேட்டார். கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. பாதி என்ற விகிதத்தை வகுத்தது சட்டம். சிறு தொழில்முறையாளர்களைக் கணக்குச் சுமையிலிருந்து விடுவிக்கத்தான் இந்தப் பிரிவு 2016-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் கொண்டுவரப்பட்டது. ஆனால் வரவைக் குறைத்துக் காட்டுவது முற்றிலும் வேறு விஷயம். ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.ஸில் டி.டி.எஸ். பிடிக்கப்பட்ட ஒவ்வொரு தொகையும் இருக்கும். பிடித்தம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வந்த தொகையையும் வங்கிக் கணக்கைப் பார்த்து நாமே சேர்க்க வேண்டும். பாதியாக்குவதற்கு முன் முழுமை சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி மஞ்சக்குப்பத்துப் பொறியாளர். அவருடைய வரவு ரூ. 30 லட்சம். வரைவாளர் இருவருக்கு மாதம் தலைக்கு ரூ. 22,000 வீதம் ஆண்டுக்கு ரூ. 5,28,000, களத்தில் சங்கிலியும் கோலும் பிடிக்கும் ஆட்களின் கூலி ரூ. 6,00,000, அலுவலக வாடகை ரூ. 1,44,000, வண்டி எரிபொருள் ரூ. 1,80,000, வரைபட மென்பொருள் உரிமம் ரூ. 1,10,000, மண் பரிசோதனைக்குக் கொடுத்தது ரூ. 1,88,000. இவற்றோடு, ரூ. 6 லட்சத்துக்கு வாங்கிய டோட்டல் ஸ்டேஷன் அளவைக் கருவிக்கு 15 சதவீதத் தேய்மானம் ரூ. 90,000, ரூ. 1.5 லட்சக் கணினிகளுக்கு 40 சதவீதத் தேய்மானம் ரூ. 60,000. மொத்தம் ரூ. 19 லட்சம், உண்மை வருமானம் ரூ. 11 லட்சம். உத்தேச முறைக்குப் போனால் வருமானம் ரூ. 15 லட்சம் என்றாகி, வரியும் கூடுதல் வரியும் சேர்த்து ரூ. 1,09,200 கட்ட வேண்டும். கணக்கு எழுதினால் 12 லட்சத்துக்குள் அடங்கி வரி இல்லாமல் போகும்.

ஆனால் கணக்கு வழிக்கு ஒரு கட்டாயம் உண்டு. 44ஏடிஏ பிரிவுக்குத் தகுதியுள்ளவர் பாதிக்கும் குறைவான லாபத்தைக் காட்டி, அவருடைய மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பையும் தாண்டினால், கணக்குப் புத்தகம் வைப்பதோடு பட்டயக் கணக்காளரிடம் தணிக்கை செய்து, 3சிபி, 3சிடி படிவங்களில் அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தணிக்கை என்ற சொல்லைக் கேட்டதுமே பலர் பாதியே போதும் என்று பின்வாங்கிவிடுகிறார்கள். நான் அதை ஒப்புவதில்லை. தணிக்கைக்கும் கணக்கு எழுதுவதற்கும் சேர்த்து ரூ. 40,000 ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், இவருக்கு ரூ. 69,200 மிஞ்சுகிறது, அந்தக் கட்டணமும் செலவாகக் கழியக்கூடியதே. பயத்துக்காக ஆண்டுதோறும் ஒரு லட்சம் கட்டுவது தேவையற்றது.

அச்சப்பட வேண்டியது ஆதாரம் இல்லாமல் போவதைப் பற்றித்தான். அவர் முதன்முறை வந்தபோது ஒரு மஞ்சள் பை நிறையப் பில்களைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினார். பெட்ரோல் பங்க் பில்களில் பாதிக்கு மேல் எழுத்தே இல்லை. வெப்பத்தாளில் அச்சடித்தவை, சில மாதங்களில் வெளிறி வெறும் வெள்ளைத் துண்டுகளாகிவிட்டன. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தும் தேதி தெரியவில்லை. அதற்கும் முன்பு, ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியபோது, ஆற்றோரம் இருந்த அவருடைய வீட்டின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து, கூலிப் பதிவேடும் பில் கோப்பும் ஊறி ஒட்டிக்கொண்டன. பக்கங்களைப் பிரிக்க முயன்றால் மசி கையோடு வந்தது. உண்மையில் செலவு செய்திருந்தும் நிரூபிக்க வழியில்லாததால், 2024-25 ஆண்டுக்கு ரூ. 28 லட்சம் வரவில் பாதியை வருமானமாகக் காட்டி ரூ. 1,24,800 வரி கட்டினார். அந்தத் தொகையை வங்கியில் செலுத்திவிட்டு வந்த நாளில் அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், பில் வாங்கிய அன்றே கைப்பேசியில் படமெடுத்து மாதவாரியாகச் சேமிக்கும்படி என்னிடம் வரும் எல்லோரிடமும் கட்டாயமாகச் சொல்லத் தொடங்கினேன்.

பில் இருந்தாலும் சில செலவுகள் கழியாமல் போகும். 40ஏ பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி, ஒரே நாளில் ஒருவருக்கு ரூ. 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு முழுவதுமாகத் தள்ளப்படும். சனிக்கிழமைதோறும் ஆறு ஆட்களின் வாரக் கூலியை மேஸ்திரி ஒருவரிடமே மொத்தமாகக் கையில் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம், ரூ. 18,000 அவர் கைக்குப் போனால் அது ஒருவருக்குக் கொடுத்ததாகவே எழுதப்படுகிறது. இந்தப் பொறியாளர் இப்போது ஆளுக்குத் தனித்தனியாக யு.பி.ஐ. வழியாக அனுப்புகிறார். வீட்டுக்கும் தொழிலுக்கும் பொதுவான வண்டி, கைப்பேசி, மின்சாரம் ஆகியவற்றில் தொழிலுக்கான பங்கை மட்டுமே எடுக்கலாம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவரும் ஸ்கூட்டரின் பெட்ரோல் முழுவதையும் எழுதிவிட்டுப் பிறகு விளக்கம் தேடுவதைவிட, வண்டியோட்டப் பதிவு ஒன்றை வைத்து நியாயமான பங்கைக் கணக்கிடுவது நல்லது. கருவிகளின் தேய்மானத்திலும் நாள் கணக்கு உண்டு. 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்திய ஆண்டில் பாதித் தேய்மானமே கிடைக்கும். 2025-26-இல் அக்டோபர் 3-க்குப் பின் பயன்பாட்டுக்கு வந்த கருவிக்கு அந்த விதி பொருந்தும். இவர் டோட்டல் ஸ்டேஷனை ஆகஸ்டிலேயே வாங்கிக் களத்துக்குக் கொண்டுபோனதால் முழு ரூ. 90,000 கிடைத்தது, நவம்பரில் வாங்கியிருந்தால் ரூ. 45,000 தான்.

உத்தேச முறையில் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. அதோடு, கழித்ததாகவே கொண்டு கருவியின் கணக்கு மதிப்பும் ஆண்டுதோறும் குறைக்கப்படும். பெரிய கருவி வாங்கும் ஆண்டில் எந்த வழியில் போவது என்பதை வாங்கும் முன்பே யோசிக்கச் சொல்வது அதனால்தான். 44ஏடிஏ பிரிவில் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொள்ளத் தடை இல்லை. இந்த ஆண்டு கணக்கு, அடுத்த ஆண்டு உத்தேசம் என்று போகலாம்.

வணிகத்துக்கான 44ஏடி பிரிவில் அந்தச் சுதந்திரம் கிடையாது. கடலூர் சிப்காட்டிலோ நெய்வேலியிலோ வண்ணப்பூச்சு, வெல்டிங் வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுப்பவர்களும், திருமணப் புகைப்படக்காரர்களும் பொறியாளருக்கான பாதிக் கணக்குக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு விற்றுமுதலில் 8 சதவீதமும், வங்கி வழியாக வந்த பகுதிக்கு 6 சதவீதமும் உத்தேச வருமானம். எல்லை ரூ. 2 கோடி, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் ரூ. 3 கோடி. தரகும் கமிஷனும் வாங்கித் தொழில் செய்வோருக்கு இந்தப் பிரிவு இல்லை. காப்பீட்டு முகவர்கள் பலர் தெரியாமல் இதில் தாக்கல் செய்துவிட்டு அறிவிப்பு வந்த பின் என்னிடம் வருகிறார்கள். ஒருமுறை 44ஏடி வழியில் காட்டிவிட்டு, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஏதேனும் ஓர் ஆண்டில் அதைவிடக் குறைந்த லாபத்தைக் காட்டி வெளியேறினால், அதற்கடுத்த ஐந்து மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு அந்த வழி மூடப்படும். நட்டம் வரக்கூடிய பெரிய ஒப்பந்தம் ஒன்று கையில் இருப்பவர் இதை எண்ணிப் பார்க்காமல் 6 சதவீதத்துக்குள் நுழையக் கூடாது.

வரித் தொகைக்கு வெளியிலும் ஒப்பிட வேண்டியவை இருக்கின்றன. உத்தேச முறையில் முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டினால் போதும். கணக்கு வழியில் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15 என நான்கு தவணைகள், தவறினால் வட்டி. ரிட்டர்னும் அதற்கேற்ப ஐ.டி.ஆர்.-4 அல்லது ஐ.டி.ஆர்.-3 ஆகும். வீட்டுக் கடன் மற்றொன்று. லாஸ்பேட்டைக்காரர் அரியாங்குப்பம் பக்கம் வீடு வாங்க நினைக்கிறார். வங்கி அவருடைய ரிட்டர்னில் உள்ள ரூ. 9 லட்சத்தை வைத்துத்தான் மாதத் தவணைத் திறனைக் கணிக்கும், உண்மையில் மிஞ்சும் ரூ. 14 லட்சத்தை வைத்து அன்று. பாதிக்கு மேற்பட்ட தொகையையும் தாமாகக் காட்டச் சட்டம் இடம் தருகிறது, ரூ. 12 லட்சம் காட்டினாலும் அவருக்கு வரி இல்லை, கடன் தகுதியோ உயரும். இதை அவரிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியே போட்டுவிடலாம் என்றார்.

பழைய வரி முறைக்குப் போகலாமா என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சேமிப்புகளுக்கான 80சி, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி, வீட்டுக் கடன் வட்டி போன்ற கழிவுகள் அதில் உண்டு. உத்தேசமோ கணக்கோ, எந்த வழியில் வந்த வருமானமானாலும் ரூ. 15 லட்சம் என்ற நிலையில், புதிய முறையின் வரியோடு சமமாவதற்கே பழைய முறையில் ரூ. 5,37,500 கழிவுகள் வேண்டும். 80சி ரூ. 1.5 லட்சம், தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கான கூடுதல் ரூ. 50,000, மருத்துவக் காப்பீடு ரூ. 25,000, வீட்டுக் கடன் வட்டி ரூ. 2 லட்சம் எல்லாம் சேர்ந்தும் ரூ. 4.25 லட்சம்தான் வருகிறது. மாதச் சம்பளக்காரர்களுக்குரிய வீட்டு வாடகைப்படி விலக்கோ நிலையான கழிவோ நமக்குக் கிடையாது. வாடகைக்கு 80ஜிஜி வழியாக ஆண்டுக்கு அதிகம் போனால் ரூ. 60,000. தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பின்னர் ஒரே ஒருமுறைதான் புதிய முறைக்குத் திரும்பலாம், திரும்பிய பின் தொழில் வருமானம் இருக்கும்வரை பழையதற்குப் போக முடியாது. என்னிடம் வருவோரில் பெரும்பாலோருக்குப் புதிய முறையையே பரிந்துரைக்கிறேன்.

எல்லையோரம் வாழ்வதால் நமக்கு மட்டும் உள்ள ஒரு நுணுக்கமும் உண்டு. சேவை தருவோருக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு, வெளிநாட்டு வரவையும் சேர்த்து, ஆண்டுக்கு ரூ. 20 லட்சம். அதைத் தாண்டிப் பதிவு செய்த கடலூர்ப் பொறியாளர் முள்ளோடையைக் கடந்து புதுச்சேரியிலுள்ள பதிவு பெற்ற நிறுவனத்துக்கு ஆலோசனை தந்தால், பயணம் அரை மணி நேரமே ஆனாலும் அது மாநிலங்களுக்கிடையிலான சேவை, ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். நிலத்தையோ கட்டடத்தையோ சார்ந்த வேலை என்றால் அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதே முடிவு செய்யும். பில்லில் தனியாக வசூலிக்கும் இந்த வரியை வரவோடு கலந்து எழுதிவிட்டு, அதிலும் பாதியை வருமானமாகக் காட்டியிருந்த ஒருவருக்கு நான் கணக்கைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

பொறியாளர் இந்த ஆண்டு கணக்கு வழியையே தேர்ந்தெடுத்துத் தணிக்கையாளரையும் அமர்த்திவிட்டார். மென்பொருள்காரர் உத்தேச வழியில் ரூ. 12 லட்சம் காட்டுகிறார். ஆனால் அவருடைய அடுத்த ஆண்டு வரவு ரூ. 32 லட்சத்தைத் தொடும் போலிருக்கிறது. இரண்டு பேரை முழுநேர வேலைக்கு எடுக்கவும் பேசிக்கொண்டிருக்கிறார். சம்பளமும் அலுவலகமும் சேர்ந்து செலவு பாதியைத் தாண்டுமா என்பது அவருக்கே இன்னும் தெரியாது. அதனால் இந்த ஏப்ரல் முதல் நாளிலிருந்தே தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, செலவுகளை அதன் வழியாக மட்டும் செய்யச் சொல்லியிருக்கிறேன். டிசம்பரில் அந்தக் கணக்கு அறிக்கையை எடுத்துக்கொண்டு வருவார். எந்த வழி என்பதை அப்போது முடிவு செய்தாலும், உத்தேச முறையானால் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டிய வரியைத் திரட்ட மூன்று மாத அவகாசம் இருக்கும்.